இரண்டு காதிலும் சமமாக

“காத்தப் பாத்தே பொயக்கிற ஜனம் நாங்கோ. எங்க புள்ளைங்களுக்கே நீ காத்து பாடம் எடுக்கப் போறியாம்மா?”

திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். அங்கே சமுதாயக்கூடத்தின் மொட்டை மாடியில் நான் ஒரு மூங்கில் கழியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கழியின் உச்சியில் சிவப்பு ரிப்பன். கீழே வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் இதைக் கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய மகள் என் மாலை வகுப்பில் படிக்கிறாள், பள்ளியில் நான்காம் வகுப்பு. அந்த நேரம் அவள்தான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்றாள். அப்பா சொன்னது காதில் விழாத மாதிரி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன், நான் இயற்பியல் படித்தவள் என்று.

அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைப்பதில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா இறால் உரிக்கும் ஷெட்டில் நின்று நின்று விரல் இடுக்கெல்லாம் வெந்து போனவள். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை எனக்காகத்தான் முதலில் மிதித்தார்கள். டோல்கேட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒற்றை அறை வீட்டில், என் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், எனக்குக் கூச்சமில்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஆனாலும் எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சுண்டல் வாங்கிக்கொண்டு பார்க்கும் இடம். அதில் இறங்கி வேலை செய்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான்.

பகலில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் வேலை. மாலை ஐந்து மணிக்குக் குப்பத்தில் வகுப்பு. மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகள், கணக்கும் அறிவியலும் மட்டும். பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். மீதிப் பேர் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் கன்டெய்னர் லாரி ஓட்டுவார்கள், அல்லது கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை செய்வார்கள். கிழக்கே கடல். மேற்கே ரோடு, ரோட்டுக்கு அப்பால் கம்பெனிகளும் டேங்குகளும் புகைபோக்கிகளும். நடுவில் ஒரு கீற்று மாதிரி குப்பம்.

காற்றுப் பாடம் எடுத்த அன்று ஒரு வாளித் தண்ணீரும் கண்ணாடி டம்ளரும் கொண்டு போனேன். டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் நேராக அமுக்கினேன். வெளியே எடுத்தபோது காகிதம் நனையவில்லை. உள்ளே காற்று இருந்தது, அது இடத்தை விடவில்லை, அதனால்தான் தண்ணீர் மேலே போகமுடியவில்லை என்றேன். ஒவ்வொருவராக வந்து காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். வலையில் சிக்கெடுத்தவரின் மகள் கடைசியாக வந்தாள். காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“காத்துக்கு எடம் வேணும்னா, என் நெஞ்சுல எடம் இல்லாத அன்னிக்கு அது எங்க மிஸ் போவும்?”

அவளுக்கு வீசிங் இருந்தது, மூச்சு இழுக்கும். இரண்டு வருடமாக. பள்ளிக்குப் பாதி நாள் போவதில்லை. அதனாலேயே கணக்கில் இன்னும் கடன் வாங்கிக் கழித்தலில் நின்றுகொண்டிருந்தாள். புத்தி மட்டும் எல்லாரையும் தாண்டி ஓடும். நான் நுரையீரலைப் படம் வரைந்து காட்டினேன், மூச்சுக்குழாய் சுருங்குவதைச் சொன்னேன். அவள் கேட்டதற்கு அது முழுப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு புத்தகத்திலிருந்து வாசித்தேன். காற்றுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. வகுப்பே சிரித்தது. அன்று மாலை முட்டை அழுகினாற்போல ஒரு நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. லாரி ஓட்டுபவரின் மகன் எழுந்து, “மிஸ், புக்கு எழுதுனவரு நம்ம ஏரியாவுக்கு வந்ததே கெடையாது போல” என்றான். நானும் சிரித்துவிட்டேன். சரி, நாமே எழுதலாம் என்றேன். தினமும் ஐந்து மணிக்கு ஒருவர் மாடிக்குப் போக வேண்டும். ரிப்பனைப் பார்த்துக் காற்றின் பக்கத்தைக் குறிக்க வேண்டும். நாற்றம் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். ஒரு நீளமான கணக்கு நோட்டில் கட்டம் போட்டேன். கடல் பக்கம், ரோடு பக்கம், வடக்கு, தெற்கு, நாற்றம். ஆறு பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள், மூன்று பேர் குப்பத்துப் பிள்ளைகள், மூன்று பேர் குடியிருப்பிலிருந்து. கணக்குக்குப் பட்டை வரைபடம், அறிவியலுக்குக் காற்று, ஒரே நோட்டில் இரண்டும் முடியும் என்று நினைத்தேன்.

கழி கட்டியது அதற்காகத்தான். நான்காம் நாளே அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “எனக்கு இழுக்குற நாளையும் எழுதட்டா மிஸ்?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஓரத்தில் தன் கையால் இன்னொரு கட்டம் போட்டாள்.

அவள் வீட்டுக்கு நான் போனது அதற்கடுத்த வாரம். ஒரே அறை, இரண்டு ஜன்னல். ஒன்று கடலைப் பார்த்து, ஒன்று பின்னால் ரோட்டைப் பார்த்து. பொழுது சாய ஆரம்பித்ததும் அவள் அம்மா கடல் பக்க ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பின்பக்க ஜன்னலை விரியத் திறந்து வைத்தார். கடக்காத்து ஈரம், நெஞ்சில் சளி கட்டும், புள்ளைக்கு ஆகாது என்றார். அந்தக் குப்பத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நாளெல்லாம் கடலில் நனைகிற ஆண்களுக்கு ஈரம் பிழைப்பு. குழந்தைகளுக்கு அது வியாதி. பின்பக்க ஜன்னலுக்கு நேரே, ரோட்டுக்கு மேலே ஒரு புகைபோக்கியின் முனை தெரிந்தது. அந்த ஜன்னலின் கீழேதான் அவளுக்குப் பாய்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மீஞ்சூர் போகிற வழியில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது, அங்கே கடல் கிடையாது, ஆடி முடிந்ததும் பெண்ணை அங்கே அனுப்பிவிடப் போகிறோம், அங்கேயே ஏதாவது பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். நிலக்கரி லாரிகள் போகும் வழி. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை இருக்கும் இடம். துணி காயப்போட்டால் சாம்பல் பூசிக்கொண்டு வரும். நான் சொல்லிப் பார்த்தேன். கடல் இல்லாத இடம் என்பதைத் தாண்டி அவர் எதையும் கேட்கவில்லை.

“ஒரு மாசம் டைம் குடுங்க அக்கா. எந்தக் காத்துல அவளுக்கு இழுக்குதுன்னு உங்க பொண்ணே எழுதி உங்களுக்குக் காட்டுவா” என்றேன். ஒரு மாதம்தான் கேட்டேன். அவர் கொடுத்தார்.

முப்பது நாள் நிரம்பியதும் ஒரு மதியம் நோட்டோடு போனேன். அவள் அப்பா கடலுக்குப் போகாத நாள். நான் முன்னாடியே எண்ணிப் பார்க்கவில்லை. அவளே தன் அப்பாவுக்கு முன்னால் எண்ண வேண்டும், அவர் வாயடைத்துப் போக வேண்டும், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முடிவு என்னவென்று எனக்குத்தான் தெரியுமே.

அவள் தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து வைத்து எண்ணினாள். நாற்றமும் இழுப்பும் சேர்ந்து வந்த நாள் பதினாலு. அதில் ரோடு பக்கம் ஏழு. கடல் பக்கம் ஏழு.

நான் நோட்டை வாங்கி மறுபடி எண்ணினேன். ஏழும் ஏழும்தான்.

அவள் அம்மா கடல் பக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா நோட்டை எட்டி வாங்கிப் பார்த்தார். எண்கள் மட்டும் படிப்பார். ஒரு தேதியில் விரலை வைத்துத் தேதிக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மகளிடம் கேட்டார். கடல் பக்கம் என்றாள்.

“அன்னிக்குப் பொயுது சாயற வரைக்கும் கோடக் காத்து. மேக்கேர்ந்து அடிச்ச அடில போட்டைக் கரைக்குக் கொண்டார எங்களுக்கு தாவு தீந்துச்சு. இதுல கடக்காத்துன்னு போட்டுக் கீது.” நோட்டை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். “படிச்ச புள்ள நீ. போம்மா.”

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. பிள்ளைகள் சரியாகப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று ஏதோ சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முடிந்து அவளை அனுப்பிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் அம்மா அவளுடைய பள்ளிக்குப் போன அன்று எனக்கு என் பள்ளியில் வகுப்பு இருந்தது, கூடப் போகவில்லை. அதன்பிறகு மாடிக்கு யாரையும் அனுப்பவில்லை. ரிப்பன் வெயிலில் வெளுத்துக் கிழியும்வரை கழியிலேயே கிடந்தது. நோட்டை அலமாரியில் போட்டுவிட்டேன். பெருக்கல் வாய்ப்பாடு, காந்தம், செடியின் பாகங்கள் என்று பாடம் போனது. பெரியம்மா வீட்டுக்குப் போன பெண் இன்னும் பள்ளியில் சேரவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்த்திருக்கலாம். பஸ் உண்டு, ரயில் உண்டு. எந்த முகத்தோடு போவது என்று இருந்துவிட்டேன்.

மழை தொடங்கிய சமயத்தில் செய்தி வந்தது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்தார்களாம்.

நான் போனபோது இரண்டு கட்டில் தள்ளி இன்னொரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. இவள் அழவில்லை. மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தன. முகத்தில் மருந்துப் புகை போகும் மாஸ்க். அம்மா கட்டிலின் கீழே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மாஸ்க்கைக் கழற்றும்வரை காத்திருந்தேன். கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, தன் முறையில் இப்போது யார் எழுதுகிறார்கள் என்பது.

யாரும் எழுதுவதில்லை என்று சொல்லத் தைரியமில்லை. நீ காற்றை எப்படிப் பார்த்தாய் என்று பேச்சை மாற்றினேன், ரிப்பனின் நுனி எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துத்தானே குறித்தாய்?

“ரிப்பன நா பாக்கவே இல்ல மிஸ்.” நடு நடுவே நின்று நின்று சொன்னாள். “கண்ண மூடிகினு சுத்துவேன். ரெண்டு காதுலயும் காத்து சமமா அடிச்சா நின்னுடணும். அப்போ மூஞ்சி எந்தப் பக்கம் கீதோ, அங்கேர்ந்துதான் காத்து வருது. நைனா அப்டித்தான் பாக்கும். எங்காளுங்க எல்லாரும் அப்டித்தான்.”

குடியிருப்புப் பிள்ளைகள்?

“அவுங்க ரிப்பன் வாலப் பாத்தாங்க.”

மேற்கிலிருந்து காற்று அடித்தால் ரிப்பனின் வால் கடலைக் காட்டும். வாலைப் பார்த்தவர்கள் கடல் பக்கம் என்று குறித்திருப்பார்கள். காதால் பார்த்தவர்கள் அதே காற்றுக்கு ரோடு பக்கம் என்று குறித்திருப்பார்கள். வகுப்பில் பாதிப் பேர் காற்று வரும் இடத்தை எழுதியிருக்கிறார்கள், பாதிப் பேர் அது போகும் இடத்தை. காற்றை அது வரும் திசையை வைத்துத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ரிப்பனைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மாடிக்குப் போய்ப் பக்கத்தில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

அங்கிருந்து நேராகச் சமுதாயக்கூடத்துக்குப் போனேன். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். தேதிகளின் மேல் பெயர் இல்லை, ஆனால் ஆறு கையெழுத்தும் எனக்குத் தெரியும். குடியிருப்புப் பிள்ளைகள் எழுதிய நாட்களைத் திருப்பிப் போட்டேன். பதினாலில் பதிமூன்று நாள் ரோடு பக்கம். கடல் பக்கம் ஒரே ஒரு நாள், அதுவும் ஒரு குப்பத்துப் பெண் எழுதியது. அந்த ஒரு நாளுக்கு எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. அதை அப்படியே விட்டிருக்கிறேன். அவள் அப்பா விரல் வைத்த தேதியைத் தேடினேன். எழுதியவன் லாரி ஓட்டுபவரின் மகன். ரிப்பன் வாலை ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காகவே எழுதியிருந்தான்.

அவள் வீடு திரும்பிய பிறகுதான் அவள் அப்பாவைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள்மேல் பழி போடவில்லை. தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கட்டம் கட்டமாகக் காட்டினேன். அவர் வெகுநேரம் நோட்டையே பார்த்தார். ஒவ்வொரு தேதிக்கும் அன்றைய காற்று அவருக்கு நினைவிருந்தது போலும், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“அன்னிக்கே எனக்குத் தெரியும் மிஸ்ஸு, அந்த நாளு காத்து தப்புன்னு. இன்னா தப்புன்னு நீ கேக்கல. நானும் சொல்லல. சிரிச்சுட்டுப் போய்ட்டேன்.”

என்னை அவர் மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதற்காக எத்தனை நாள் ஏங்கியிருந்தேன். அப்போது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அவள் அம்மா அதுவரை அடுப்புப் பக்கம் நின்றிருந்தார். நடந்து போய்ப் பின்பக்க ஜன்னலின் முன்னால் நின்றார். “ரெண்டு வருசமா நாந்தானே இத்தத் தொறந்து வச்சேன்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்ததெல்லாம் பாடம் மாதிரி இருந்தது. அவர் ஜன்னலைச் சாத்தினார். மறுநாள் அவள் அப்பா அதன்மேல் பழைய பிளைவுட் வைத்து ஆணி அடித்தார். கடல் பக்க ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. சாம்பலில் இருந்த அந்த மாதங்கள் அவள் நெஞ்சில் எதையோ நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். புகை, தூசி இல்லாத இடமாகப் பார்த்துக் குடி போங்கள் என்று டாக்டர் சொன்னாராம். போட்டு இங்கே இருக்கிறது, வலை இங்கே இருக்கிறது, எங்கே போவது? முப்பதில் பதினாலு நாள் நாற்றம் என்றால், ஜன்னல் சாத்திய வீட்டுக்குள்ளும் அது வரத்தான் செய்யும். எந்த ஜன்னலைச் சாத்துவது என்பது வரைக்கும்தான் எங்கள் நோட்டுக்குத் தெரியும். அவளோடு படித்தவர்கள் ஐந்தாவதுக்குப் போனார்கள். அவள் மறுபடி நான்காவதில் உட்கார்ந்தாள். சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

கழியை மாடியிலிருந்து இறக்கிக் கரையில், போட்டுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டோம், படி ஏறாமல் அவளும் போகலாம் என்று. ரிப்பன் கட்டவில்லை. பிள்ளைகள் கழியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சுற்றுகிறார்கள், இரண்டு காதிலும் சமமாக அடிக்கும்வரை. குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் நானும் சுற்றிப் பார்த்தேன். நான் நின்ற பக்கம் தப்பு என்று எல்லாரும் சிரித்தார்கள், கரையில் இருந்தவர்களும். முதல் வாரம் முழுக்க ஐந்து மணிக்கு நான் அவர்கள் பக்கத்திலேயே நின்றேன். இப்போதும் நிற்கிறேன். ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் எழுதியவரின் பெயர் இருக்கிறது.

மூன்று மாதம் எழுதி முடித்ததும் அதை மூன்று பிரதி எடுத்தோம். பின்பக்கத்தில் பெற்றோர்களின் கையெழுத்து, சிலருடையது கைநாட்டு. போன திங்கள்கிழமை மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அவள் அப்பா கடலுக்குப் போகாமல் கூட வந்தார். மனு வாங்கிய குமாஸ்தா பக்கங்களைப் புரட்டிவிட்டு, சின்னப் பசங்க எழுதினதா என்றார். ஆமாம் என்றேன். இதையெல்லாம் பார்க்கும் அதிகாரி இன்று இல்லை, அடுத்த திங்கள் வந்தால் பார்க்கலாம், வந்தாலும் உறுதியில்லை என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். முதலில் தயங்கினார். என் பின்னால் அவள் அப்பா நகராமல் நின்றார். முத்திரை கிடைத்தது.

மறுநாள் காலை, நான் வேலை பார்க்கும் பள்ளியில், அடுத்த திங்கள்கிழமைக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கடுத்த திங்களுக்கும் சேர்த்து.